ஒரே ஒரு ஸ்லாட்

"அது என்ன அடிப்பிடிச்ச பாத்திரமா, அந்தத் தேய் தேய்க்கறீங்க? மெதுவா!"

மீட்டர்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் அதன் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இது அவர் வேலை. பக்கத் தகட்டைக் கழற்றுவது, திருகுகளைத் தொலைக்காமல் ஒரு ஜாம் பாட்டில் மூடியில் போட்டுவைப்பது, விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைப்பது எல்லாம் அவர். டீ டம்ளரும் கையுமாகப் பக்கத்தில் நின்று குறை சொல்வது அவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து வேலைப் பங்கீடு ஏறக்குறைய இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

தெருவில் அவளுக்குக் கேசட்டம்மா என்று பெயர். வீடியோ கேசட் வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டுவிழா, அலுவலகப் பிரிவுபசாரம் என்று யார் யாரோ எங்கெங்கோ படம் பிடித்துக் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி ஒட்டிப் பார்க்கும்படியாகச் செய்து கொடுப்பது அவள் தொழில். நடு அறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவள் நாற்காலி. பின்னால் ஒரு முக்காலி. மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மீட்டர்காரர் பகலில் பாதி நேரம் அந்த முக்காலியில்தான். ஊர்க் கல்யாணமெல்லாம் அங்கிருந்தே பார்த்துவிடுவார்.

ஹெட்போனை அவள் ஒரு காதில்தான் மாட்டுவாள். மற்றக் காது அடுப்பில் இருக்கும் பாலுக்கு. வேலை செய்யும்போது திரையில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருப்பாள். "நிமிர்ந்து உக்காருடா ராசா, உன் கல்யாணம்தானே." "நீ ஏம்மா அவங்களை முறைக்கற? ஓ, இவங்கதான் ஓரகத்தியா, சரி சரி, முறை." பணம் கொடுத்துக் கூப்பிட்டவர்கள் மணமக்களைத்தான் பார்ப்பார்கள். இவள் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் யாரையாவது தேடுவாள். அவருக்கும் படத்தில் ஒரு சிறு இடம் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வாள். "மேடையில நின்னவங்க மட்டுமா வந்தாங்க? இவரும் குளிச்சு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு, பஸ் புடிச்சு வந்திருக்காரு."

ஆட்களின் பெயர் அவளுக்கு நிற்காது. பார்த்த காட்சி போகாது. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நிறுத்தி, "உங்க சித்தப்பாவுக்குக் கால் இப்ப தேவலையா?" என்று கேட்பாள். அந்தப் பெண் திருதிருவென்று விழிக்கும். மீட்டர்காரர் பையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றுகொள்வார். அந்தச் சித்தப்பா ஏதோ ஒரு ரிசப்ஷனில் நொண்டிக்கொண்டே மேடையேறியதை இவள் ஒரு வாரம் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பாள். மேடையில் தும்மினவர், மைக்கைப் பிடித்து அழுதவர், மாப்பிள்ளையின் ஷூவை மிதித்தவர் என்று ஊர் முழுக்க அவளுக்கு உறவு. அந்த உறவு ஊருக்குத்தான் தெரியாது.

கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு கூட்டுக் குடும்பம் உண்டு. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளில் மூத்தது 'பெரியப்பா'. எழுப்பினால் முனகிக்கொண்டே எழுந்திருக்கும். அடுத்தது 'மாமியார்'. எதைக் கேட்டாலும் உள்ளிருந்து எடுத்துக் கொடுத்துவிடும், ஆனால் கடகடவென்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் கொடுக்கும். மூன்றாவது 'சின்ன மாமா'. சுறுசுறுப்புத்தான், சமயத்தில் ஆளைக் காணாது. டிவிடி எழுதும் டப்பாவுக்குக் 'கொழுந்தன்' என்று பெயர். வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடக்கும். வயதானவர்கள் யாராவது தட்டில் போட்டுக் கொடு என்று கேட்டால்தான் அதற்கு வேலை. இவர்கள் எல்லோருக்கும் அடியில், தாய்ப்பலகையில் ஒட்டிக்கொண்டு, சத்தமே போடாமல் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்கிற சின்னச் சில்லு டிஸ்க் ஒன்று, எஸ்.எஸ்.டி. என்பார்கள். அது 'மூத்த மருமகள்'.

சிக்கல் இந்தக் குடும்பத்துக்குள்தான் வந்தது. இப்போதைய கேமராக்காரர்கள் கொண்டுவரும் படங்கள் ஒவ்வொன்றும் மலை மாதிரி இருக்கின்றன. பழைய டிஸ்க்குகளால் தூக்க முடியவில்லை. திரையில் மாப்பிள்ளை கையைத் தூக்குவார். தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். கேசட்டம்மா எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அப்போதுதான் கை இறங்கும். "இவரு கை குலுக்கறதுக்குள்ள இவங்களுக்குக் குழந்தை பொறந்துடும்" என்றாள் ஒருநாள். வேறு ஊரில் இருக்கும் மகள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "புதுசு வாங்கித் தொலையேம்மா." கேசட்டம்மா, "ஓடற வண்டியை எதுக்குடி விக்கணும்?" என்று கேட்டுவிட்டு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டாள்.

சர்வீஸ்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பல் டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மா, வீடு சின்னது, குடும்பம் பெரிசு. டிஸ்க் மாட்டற நாலு ஒயர்லயும் ஆளு. படுக்கவைக்கற எஸ்.எஸ்.டி.க்கு ஒரே இடம், அதுலயும் ஆளு. கார்டை நிக்க வைக்கற ஸ்லாட் மூணு. ஒண்ணுல டிஸ்ப்ளே கார்டு. அது குண்டா இருக்கா, பக்கத்து ஸ்லாட்டையும் சேர்த்து மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, பஸ்ல சில பேரு உக்கார்ற மாதிரி."

"வெளியில தொங்க விட்டா?" என்றார் மீட்டர்காரர்.

"தொங்கறது எதுவும் நமக்கு ஆகாது" என்றாள் கேசட்டம்மா. "போன தடவை தொங்க விட்டேன். இவரு பெருக்கறேன்னு வந்தாரு பாருங்க, ஒரு கல்யாணத்துல சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல. இன்னிக்கும் அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க தெருவுல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறாங்க."

"ஒயர் லூசா இருந்தது."

"ஆமா, ஒயர்தான் லூசு."

சர்வீஸ்காரரின் டார்ச் மூன்றாவது ஸ்லாட்டில் நின்றது. "இது என்ன கார்டு?"

"கேசட் ஏத்தறது." பழைய டேப் ப்ளேயரிலிருந்து ஓடும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கித் தருவது அந்தக் கார்டுதான். ஒரு காலத்தில் வீட்டு வாசலில் கேசட் பைகளோடு வரிசை நின்றது. ஒரு மணி நேரக் கேசட் என்றால் ஒரு மணி நேரமும் உட்கார்ந்து ஓடவிடுவாள். நடுவில் நிறுத்துவதோ தாவுவதோ கிடையாது. "டேப்பு அதோட நடையிலதான் வரும்." இறக்கிய பிறகு, தான் பிடித்த படமாக இருந்தால், கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்கும் தன் குரலைத் தேடித் தேடி வெட்டிவிடுவாள். "அவங்க கல்யாணத்துல என் தொண்டை எதுக்கு?"

"இப்ப யாராவது கேசட் கொண்டு வராங்களா?"

"எங்க? வெச்சிருந்தவங்க எல்லாம் மாத்திக்கிட்டாங்க. இல்லாட்டி தூக்கிப் போட்டுட்டாங்க."

"அப்ப சும்மா உக்காந்திருக்கறது இவருதான். இதைக் கழட்டிட்டு, அங்க ஒரு அட்டையைச் சொருகி, அது மேல புது எஸ்.எஸ்.டி.யைப் போட்டுடலாம். ஆனா ஒண்ணு. உள்ள இருக்கற சாஃப்ட்வேரெல்லாம் அரதப் பழசு, கையோட எல்லாத்தையும் புதுசா ஏத்தணும். அந்தப் புதுசுக்கு இந்தக் கார்டு யாருன்னே தெரியாது. அப்புறமா வேணும்னு திரும்பச் சொருகினா வேலை செய்யாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"கழட்டிடுங்க" என்றாள் கேசட்டம்மா.

மீட்டர்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிடி உடைந்த வாளியைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று அரை நாள் யோசிக்கிறவள். டீயை ஒரு வாய் குடிக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"நம்ம வீட்டு கேசட் ஒண்ணு இருக்கே" என்றார். "அதை ஏத்தவே இல்லையே."

"அது எங்க போயிடப் போகுது?"

"இதைக் கழட்டினா போயிடுமே. அந்த ப்ளேயரும் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அப்புறம் எதுல பார்க்கறது?"

அவள் சர்வீஸ்காரர் பக்கம் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னாள். மீட்டர்காரர் விடவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம கேசட்" என்றார். வழக்கமாக அவள் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர் இப்படி ஒரு நாளும் நேரமும் சேர்த்துச் சொன்னது, சர்வீஸ்காரருக்கே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு இருவரையும் ஒரு முறை பார்த்தார்.

அந்தக் கேசட்டுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் அவர்கள் ஓர் அச்சகத்தின் மாடியில் குடியிருந்தார்கள். கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும், டம்ளரில் தண்ணீர் வட்டம் போடும். அவருடைய அக்காவும் கூட இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவள். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தம்பியைக் கேலி பேசுவதே அவளுக்குப் பொழுதுபோக்கு. "எங்க வீட்டு ஆம்பளை ஊரெல்லாம் போய் மீட்டரை முறைச்சுப் பார்த்துட்டு வருவான், பாவம், அதுவும் சுத்துதே ஒழிய ஒண்ணும் பேசாது" என்பாள். கேசட்டம்மா அப்போதுதான் பெரிய தோள் கேமரா ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தாள். கல்யாணங்களுக்கு இவள் கேமரா பிடிப்பாள், லீவு நாளில் புருஷன் லைட் பிடிப்பார். ஒரு பகலில், அவர் மீட்டர் பார்க்கப் போயிருந்தபோது, வீட்டையும் நடை பழகிக்கொண்டிருந்த மகளையும் நாத்தனாரையும் படம் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொன்னாள்: "உன் பொண்டாட்டி என்னைப் படம் புடிச்சிருக்காடா. உன்னைப் பத்தி ஒண்ணு சொல்லியிருக்கேன்."

"என்ன சொன்ன?"

"அதை நான் ஏன் சொல்லணும்? படத்துல பாரு."

மனைவியைக் கேட்டால், "நீங்களே பார்த்துக்குங்க, நான் சொன்னா நல்லா இருக்காது" என்று சிரித்தாள். வீட்டில் அப்போது கேசட் போட்டுப் பார்க்கும் வசதி இல்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போயிற்று. மறு வருஷம் அக்கா போய்விட்டாள். அவளுடைய போட்டோக்கள் இருக்கின்றன. குரல் அந்தக் கேசட்டில் மட்டும்தான். அதற்குப் பிறகு வீடு மாறி, டிவி வந்து, ப்ளேயர் வந்து, மற்றவர்களின் கல்யாணங்கள் ஆயிரக்கணக்கான மணி நேரம் அந்த அறையில் ஓடின. 'நம்ம வீட்டு கேசட்' என்றால் மட்டும், முதலில் காசு கொடுத்தவங்களுது முடியட்டும் என்பாள் கேசட்டம்மா. தொழில்காரர்கள் வீட்டில் இது நடப்பதுதான் என்று அவரும் இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, தூசி தட்டிய பெட்டியை மூடி, ஒயர்களை மாட்டி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மீட்டர்காரர் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். கேசட்டம்மா வரவில்லை. பாத்திரம் தேய்த்தாள். காயாத துணிகளைப் புரட்டிப் போட்டாள். பிறகு வந்து, ப்ளேயரின் உள்ளே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். வேறொரு கேசட்டை வெள்ளோட்டம் விட்டாள். ப்ளேயர் இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

"இது மேல் நம்பிக்கை இல்லீங்க. டேப்பை முழுங்கிடுச்சுன்னா?"

"முழுங்கட்டும். போடு."

பீரோவின் மேல் தட்டிலிருந்து அவரே எடுத்து வந்தார். முதுகில் அவள் கையெழுத்தில் 'வீடு' என்று ஒரே சொல். ஒரு மூலையில் பழுப்பேறிய பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. விரிசல் விட்டிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

திரையில் கோடுகள் நெளிந்தன. பிறகு அந்த அறை வந்தது. எல்லாம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே அச்சு ஓடுகிறது. மகள் இரும்புக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, அது நடுங்குகிற தாளத்துக்குத் தானும் ஆடினாள். சுவரில் ஆணியில் ஒரு குடை தொங்கிற்று. மரப்பிடி போட்ட அவருடைய குடை. அப்படி ஒரு குடை வைத்திருந்ததையே அவர் மறந்திருந்தார். "ஏய், நம்ம குடை!" என்றார். கேசட்டம்மா திரையின் மூலையில் ஓடும் நேரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரா திரும்பியது. ஜன்னலோரம் அக்கா. பாதி வாரிய தலை, கையில் சீப்பு. "ஐயோ, என்னைப் போய் எடுக்கறியே, தலைகூட வாரல" என்று முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவில் ஒரு முறை மூக்கில் ஏறி இறங்கும். அது அப்படித்தான் என்பதே அவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பேசுங்க அண்ணி" என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல். "உங்க தம்பியைப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

"அவனைப் பத்தியா?" அக்கா சீப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்தாள். "அவன் வந்தா சொல்லு..."

ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது. மேடை. பளீரென்ற விளக்கு. கோட்டு போட்ட ஒரு மாப்பிள்ளையும் ஒரு பெண்ணும் யாரோ ஒரு குண்டு மனிதரோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மீட்டர்காரர் காத்திருந்தார். குண்டு மனிதர் போய், ஒரு குடும்பம் ஏறியது. அது போய் இன்னொன்று ஏறியது.

"நடுவுல யாரோடதோ கலந்துடுச்சா? கொஞ்சம் ஓட்டிப் பாரு. இது முடிஞ்சு வரும்."

"வராது."

அவள் திரும்பவில்லை. சொன்னது பின்னால் முக்காலியில் இருந்தவருக்கு நன்றாகக் கேட்டது.

"இந்த ரிசப்ஷன்ல ஒரு கேசட் சிக்கிக்கிச்சு. கொண்டுபோனது எல்லாம் தீர்ந்துபோச்சு. மேடையில ஆளு ஏறிட்டே இருக்காங்க, அந்தப் பொண்ணோட அப்பா என்னையே பார்த்துட்டு நிக்கறாரு. பையில இது ஒண்ணு கிடந்தது. கேசட் கடைக்காரர்கிட்ட போட்டுப் பார்க்கலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். வீட்டுது முடியற இடத்துக்கு ஓட்டிட்டு அப்புறம் புடிக்கலாம்னுதான் நினைச்சேன். ஓட்டினேன். போதும்னு நினைச்சேன். போதல."

"மேல புடிக்க முடியாதபடி ஏதோ உடைச்சு வெப்பியே?"

"மூலையில இருக்கற பல்லு. உடைச்சுத்தான் வெச்சிருந்தேன். அந்தப் பள்ளத்தை மூடிட்டா மறுபடி எழுதும். உங்ககிட்டதான் பிளாஸ்திரி வாங்கினேன்."

அவருக்கு அது நினைவு இருந்தது. லைட் சுடும் என்பதால் சட்டைப் பையில் எப்போதும் பிளாஸ்திரி வைத்திருப்பார். மேடைக்குப் பின்னாலிருந்து வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து அவள் கையை நீட்டினாள். ஒன்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "எங்க அடி பட்டுச்சு?" என்று கேட்டார். "சின்னதுதான்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வீட்டுக்கு வந்து அவள் விரல்களைப் பார்த்தது வரை நினைவிருக்கிறது. காயம் எதையும் காணோம், அவரும் கேட்கவில்லை.

"அண்ணி இருந்தப்பவே சொல்லியிருந்தா இன்னொரு தடவை புடிச்சிருக்கலாம்" என்றாள். "புடிச்சுட்டே சொல்லலாம்னு இருந்தேன். சீசன் நேரம். அதுக்குள்ள..."

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. யாரோ பரிசுப் பொட்டலம் கொடுத்தார்கள். யாரோ குழந்தையைத் தூக்கி நடுவில் நிறுத்தினார்கள், அது வீறிட்டது. மேடையின் ஒரு பக்கம் இருண்டது. உடனே அந்தச் சின்னப் பெண்ணின் குரல் மிக அருகில் கேட்டது.

"லைட்டைத் தூக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். கை வலிக்குதா?"

"இல்ல" என்றது கொஞ்சம் தள்ளி ஒரு வாலிபனின் குரல்.

"பொய்."

"வலிக்குதுன்னா என்ன செய்வ?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். தூக்குங்க."

மீட்டர்காரருக்கு, இருந்த நிலைமையில், சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், தொண்டையில் செருமலாக வந்தது. ஊரார் கேசட்டுகளில் எல்லாம் இப்படித் தாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், அத்தனையையும் இவள் ஒன்று விடாமல் வெட்டித் தள்ளியிருக்கிறாள் என்று தோன்றியது. கேசட்டம்மாவின் கை பழக்கத்தில் மௌசுக்குப் போயிற்று. அந்த இடத்தைக் குறித்துவைக்காமல் திரும்பி மடிக்கு வந்தது. டேப் முடியும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் சொன்னபடி சர்வீஸ்காரர் வந்தார். ஒரு திருகு, ஒரு கிளிப், பிறகு கொஞ்சம் அசைத்து இழுத்ததும் கார்டு கையோடு வந்துவிட்டது. "இவ்வளவுதாம்மா. இத்தனை வருஷம் உக்காந்திருந்தவரு எழுந்திரிக்க அரை நிமிஷம்" என்று ஜன்னல் திட்டில் வைத்தார். நீள அட்டையில் புது எஸ்.எஸ்.டி.யைச் சாய்த்துப் பொருத்தி, ஒற்றைத் திருகால் படுக்கவைத்து, காலியான ஸ்லாட்டில் அழுத்தினார். சூயிங்கம் பட்டை போல இருந்த அதைப் பார்த்து மீட்டர்காரர், "இதுக்குள்ள அவ்வளவும் போகுமா?" என்றார்.

"உள்ள சுத்தறது ஒண்ணும் கிடையாது சார், வெறும் சில்லுதான். பெரியப்பாவை மாதிரி நாலு பேரை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடாது."

உள்ளே இருந்த சாஃப்ட்வேர்களையெல்லாம் புதிதாக ஏற்றி முடிக்க அவருக்கு மூன்று டீ ஆயிற்று. கடைசியில், இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கல்யாணத்தைப் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை கையைத் தூக்கினார், குலுக்கினார், இறக்கினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. "பார்த்தீங்களா? இனிமே மாப்பிள்ளை கையைத் தூக்கினா தூக்கினதுதான்."

"நல்லா இருக்கு" என்றாள் கேசட்டம்மா. சர்வீஸ்காரர் அவளை வேலைக்கு நடுவில் நிறைய பார்த்தவர். இதைவிட நீளமான வாக்கியத்தை எதிர்பார்த்திருப்பார். தலையைச் சொறிந்துகொண்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெளிக்கதவைச் சாத்திவிட்டு மீட்டர்காரர் வந்தபோது, மத்தியானம் இறக்கியதை அவள் புது டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அந்த நாற்காலியில் அவர் அதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார். அவள் பின்னாலிருந்து கையை நீட்டிப் படத்தைத் தொடங்கிவைத்தாள்.

கட்டில் நடுங்கியது. குடை தொங்கியது. அக்கா சிரித்தாள். "அவன் வந்தா சொல்லு..."

மேடை வருவதற்கு முன் நிறுத்தினார். திரும்பப் போட்டார். மறுபடியும் சீப்பு நின்றது, அக்கா நேராகப் பார்த்தாள், "அவன் வந்தா சொல்லு..." என்றாள். இந்தத் தடவை அவளுடைய வாய் அடுத்த சொல்லுக்காகத் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்த முடிந்தது. எந்த எழுத்துக்காக அந்த வாய் அப்படித் திறக்கிறது என்று தன் உதட்டை அதுபோல வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா" என்றார், திரும்பாமல். "கேமராவுக்குப் பின்னாடி நீதானே நின்ன. அதுக்கப்புறம் அக்கா என்ன சொன்னா?"

பிறகு திரும்பினார். கேசட்டம்மா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் தெரியாத எத்தனையோ பேரின் தும்மலையும் நொண்டலையும் நினைவில் வைத்திருப்பவள், அந்தத் திறந்த வாயிலிருந்து வந்த அடுத்த சொல்லைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஏதோ சொல்லப் போவது போல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"சொல்லு. பரவாயில்ல. என்ன சொன்னா?"

அவள் சுவரோரம் போனாள். திரையில் இருப்பவளின் குரல் அவருக்கு இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்கும்படி, கடகடத்துக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.